உண்டியல் உடைந்த கோயிலுக்கு 'ஏஐ கேமரா' வாங்கலாமா?

கேள்வி இதுதான். கிராமத்துச் சிவன் கோயில் ஒன்றில் போன மாதம் உண்டியலை உடைத்துவிட்டார்கள். நான்கு கேமராக்கள் இருந்தும் குரங்குக் குல்லாய் போட்ட இருவர் வருவதும் போவதும் மட்டுமே பதிவாகியிருக்கிறது. இப்போது ஊர்க்கூட்டத்தில் மூன்று லட்சம் ரூபாய் ஒதுக்கி, முகத்தை அடையாளம் காணும் 'ஏஐ கேமரா' போடலாம் என்று பேச்சு. போடலாமா, எதைப் போடுவது என்று அந்த ஊர் நண்பர் கேட்டிருக்கிறார்.

போடலாம். முகம் அறியும் வகை மட்டும் வேண்டாம், ஏன் என்று கீழே வருகிறது. விலைப்புள்ளியைப் பிரிப்பதற்கு முன் ஊர்க்கூட்டத்தில் ஒரு காகிதத்தை எடுத்து இதை எழுதுங்கள்: இரவு 2 மணிக்குக் கேமரா கூப்பிட்டால் எழுந்து வரப்போவது யார்? பெயர், வீடு, கோயிலுக்கு வந்து சேர எத்தனை நிமிடம். குறைந்தது நான்கு பேர் வேண்டும். அந்தக் காகிதம் காலியாக இருந்தால் மூன்று லட்சத்தை மதிலை உயர்த்தச் செலவிடுங்கள்; அதிலாவது பலன் உண்டு.

பதினெட்டு ஆண்டுகளாகக் கோயில், மாதா கோயில், பள்ளிவாசல் என்று கேமரா பொருத்தித் தரும் வேலையில் இருக்கிறேன். உங்கள் பழைய கேமராக்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. பதிவு செய்யச் சொன்னீர்கள், பதிவு செய்தன. யாரையும் எழுப்பச் சொல்லவில்லை. திருட்டு முடிந்து மறுநாள் காலையில் குருக்கள் நடை திறந்த பிறகு, நாலு பேர் கூடி நின்று திரையில் பார்த்தீர்கள். குல்லாயும் கையுறையும் போட்டவனை அப்படிப் பார்த்து என்ன பயன்?

நான் போட்டுப் பார்த்த திருட்டுப் பதிவுகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரி. முதலில் மீட்டர் பெட்டியில் ஃபியூஸைப் பிடுங்குவார்கள். அடுத்து ஒரு கம்பால் கேமராவின் மூஞ்சியை வானத்தைப் பார்க்கத் திருப்புவார்கள். பிறகு உண்டியல் பூட்டு. கடப்பாரையை அவர்கள் சுமந்து வருவதுகூட இல்லை. கோயில் வாகன மண்டபத்திலேயே சாத்தி வைத்திருக்கும். மதில் ஏறியதிலிருந்து திரும்ப இறங்கும் வரை கால் மணி, அரை மணி ஆகிவிடும். அவர்கள் மதிலில் இருக்கும்போதே உங்களுக்குத் தெரிந்தால் அந்த அரை மணி நேரம் முழுவதும் உங்கள் கையில் இருக்கிறது. 'ஸ்மார்ட்' என்ற சொல்லுக்காக நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம் இந்த அரை மணிக்காகத்தான்.

பழைய கேமராவும் 'அசைவு தெரிந்தால் தகவல்' என்று ஒரு வசதியோடுதான் வந்தது. அது படத்தின் புள்ளிகள் மாறுகின்றனவா என்று மட்டும் பார்க்கும். வௌவால் பறந்தாலும் மாறும், வில்வ மரத்தின் நிழல் ஆடினாலும் மாறும், விளக்குச் சுடர் நடுங்கினாலும் மாறும். ஆற்றங்கரைக் கோயில் ஒன்றில் அப்படி ஒன்றைப் பொருத்திவிட்டு வந்தேன். பிராகாரம் முழுக்க வௌவால். இரவெல்லாம் கைப்பேசி அலற, நாலாவது நாள் மெய்க்காவலர் அதை எடுத்து மடைப்பள்ளியில் கவிழ்த்து வைத்திருந்த பொங்கல் உருளிக்குள் வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார். நான் அவரைக் குறை சொல்லவில்லை. நானாக இருந்தால் இரண்டாவது நாளே அதைச் செய்திருப்பேன்.

இப்போது வரும் கேமராக்கள் படத்தில் இருப்பது மனித உருவமா, நாயா, வண்டியா என்று தரம் பிரிக்கின்றன. திரையில் விரலால் ஒரு கோடு போட்டுவிடலாம்: இந்தக் கோட்டை இரவு 9 முதல் அதிகாலை 5 வரை மனிதன் தாண்டினால் மட்டும் சொல். இந்த வேலைக்குப் பெரிய கணினியோ இணையத்தில் மாதச் சந்தாவோ தேவையில்லை. கேமராவுக்குள்ளேயே அதற்கான சில்லு இருக்கிறது. அதே ஆற்றங்கரைக் கோயிலில் இதை மாற்றியபின் ஓர் இரவுக்கு ஒன்றோ இரண்டோ அழைப்புதான் வருகிறது. அதிலும் பாதி, விடியும் முன்பே பூப்பறிக்க வரும் பெரியவர்.

இதற்கும் கண் தப்பும் இடங்கள் உண்டு. தவழ்ந்து வருபவன், கம்பளியைத் தலையோடு போர்த்தியவன், படத்தில் கட்டைவிரல் அளவுகூட இல்லாமல் தூரத்தில் நடப்பவன், இவர்களையெல்லாம் விட்டுவிடும். பெரிய குரங்கைச் சில சமயம் குழந்தை என்று நினைத்துக்கொள்ளும். அதனால் கோட்டை எங்கே போடுவது என்பதில்தான் சூட்சுமம். மதிலின் உச்சியில் போடுங்கள். மதில் மேல் ஏறி உட்காரும் மனிதன் எந்தப் போர்வையிலும் மனிதனாகத்தான் தெரிவான்.

நேர அட்டவணையையும் மறக்கக் கூடாது. மார்கழி முதல் நாள் நடை 4 மணிக்குத் திறக்கும். மாற்றி வைக்காவிட்டால் குருக்கள் தலையில் ஈரத்துணியோடு நுழையும்போது சைரன் ஊதும். சிவராத்திரிக்கும் அப்படித்தான். பஞ்சாங்கத்தைப் பார்த்து ஆண்டுக்கு ஒருமுறை இந்த நாட்களைக் குறித்துவிடுங்கள். தேவாலயங்களில் இது இன்னும் சிக்கல். சில ஊர்களில் மாதா கோயில் முற்றம் இரவு முழுவதும் திறந்தே இருக்கும், யாராவது வந்து மெழுகுவத்தி ஏற்றிப்போவார்கள். அங்கே முற்றத்தில் கோடு போடவே முடியாது. காணிக்கைப் பெட்டியைச் சுற்றியும் பீடத்தின் படியிலும் மட்டும்தான்.

எங்கெங்கே பொருத்துவது என்பதை விற்பனையாளரிடம் விடாதீர்கள். அமாவாசையை ஒட்டிய ஓர் இரவில் நீங்களும் இரண்டு இளைஞர்களும் டார்ச் விளக்கோடு மதிலுக்கு வெளியே ஒரு சுற்று வாருங்கள். எந்த இடத்தில் ஏறலாம் என்று இளைஞர்களிடம் கேளுங்கள், உடனே சொல்வார்கள். அநேகமாக நந்தவனத்தின் பின்பக்கம், செங்கல் குவித்து வைத்த மூலை, பக்கத்து வீட்டு மொட்டை மாடி, மதில் மேல் சாய்ந்த தென்னை. கேமரா வாங்குவதற்கு முன் செங்கல்லை அள்ளிப் போடுங்கள், கிளையை வெட்டுங்கள், தேரடியில் சாத்தியிருக்கும் ஏணியைப் பூட்டி வையுங்கள். கடப்பாரையையும்தான்.

உண்டியலைப் பார்க்கும் கேமராவுக்கு ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். முகத்தை வைத்து இன்னார் என்று உறுதியாகச் சொல்ல, படத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 படப்புள்ளிகளாவது இருக்க வேண்டும் என்பது கண்காணிப்பு கேமராக்களுக்கான 2014ஆம் ஆண்டுச் சர்வதேசத் தரம் சொன்ன அளவு. முன்பே தெரிந்த ஆளா என்று சொல்ல அதில் பாதி போதும். ஆள் இருக்கிறான் என்று தெரிய 25 போதும். சாதாரண 2 மெகாபிக்சல் கேமராவின் படம் 1,920 புள்ளி அகலம். 250 ஆல் வகுத்தால் ஏழரை மீட்டர். ஆக, அந்தக் கேமராவை மகாமண்டபம் முழுவதையும் காட்டும்படி திருப்பினால் ஒருவர் முகமும் உருப்படியாகக் கிடைக்காது. உங்கள் பழைய கேமராக்கள் நான்கும் அப்படித்தான் இருந்திருக்கும். எல்லாம் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டு எதுவும் தெரியாமல் போகும் கதை. உண்டியலுக்கு ஒரு கேமரா, அதுவும் உண்டியலைச் சுற்றி நான்கைந்து மீட்டரை மட்டும் பார்க்கட்டும்.

இன்னொன்று, உயரம். எட்டாத உயரத்தில் வைத்தால்தான் பாதுகாப்பு என்று பன்னிரண்டு அடியில் பொருத்துகிறார்கள். அங்கிருந்து உச்சந்தலைதான் தெரியும். மேலே வைப்பதை வையுங்கள். ஆனால் வாசல் நிலையின் உட்பக்கம், வெளியேறுபவரின் முகத்தைப் பார்த்தபடி ஏழெட்டு அடி உயரத்தில் சின்னதாக ஒன்று இருக்கட்டும். பணத்தைக் கட்டிக்கொண்டு போகும் அவசரத்தில் குல்லாயைக் கழற்றிக்கொண்டே நடப்பவர்கள் உண்டு.

பகல் திருட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. குச்சி நுனியில் பசை தடவி உண்டியல் வாய்க்குள் விட்டு நோட்டை ஒட்டி எடுக்கும் கலை நம் பக்கத்தில் பழையது. இதற்கு மனிதனைக் கண்டறியும் வசதி உதவாது, பகலில் எல்லோரும் மனிதர்கள். 'ஒருவர் இத்தனை நிமிடத்துக்குமேல் இங்கே நின்றால் சொல்' என்ற வசதியை வைக்கலாம். ஆனால் உண்டியல் முன் நின்று முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறையை எண்ணி எண்ணிப் போடும் பாட்டிமாரும் அதில் மாட்டுவார்கள். எனவே இந்தத் தகவல் அலுவலகத் திரைக்கு மட்டும் போகட்டும், சைரனோடு சேர்க்க வேண்டாம்.

கோயில் என்பது கேமராவுக்குக் கடினமான இடம் என்பதைக் கடைக்காரர்கள் சொல்ல மாட்டார்கள். இருட்டு மண்டபத்தில் திடீரென்று கற்பூர ஆரத்தி காட்டினால் படம் முழுக்க வெள்ளையாகிவிடும். வெளிச்சத்தையும் இருட்டையும் ஒரே படத்தில் சமன்படுத்தும் வசதி உள்ள கேமரா வேண்டும், அப்படியும் தீபத்தை நேராகப் பார்க்க வைக்காதீர்கள். சுண்ணாம்பு அடித்த சுவரை ஒட்டிப் பொருத்தினால் இரவில் கேமராவின் அகச்சிவப்பு ஒளி சுவரில் பட்டுத் திரும்பி, படம் பனி மூட்டம்போல் ஆகும். அந்த ஒளிக்குப் பூச்சி வரும், பூச்சிக்காகச் சிலந்தி வரும், சிலந்தி லென்ஸ் மேலேயே வலை கட்டும். அகச்சிவப்பு விளக்கை மட்டும் கேமராவிலிருந்து மூன்றடி தள்ளித் தனியாக வைத்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். எண்ணெய்ப் புகை வேறு. கார்த்திகை முடிந்து லென்ஸைத் துடைத்தால் துணி கரியாகும். பிரதோஷத்துக்குப் பிரதோஷம் ஒட்டடைக் கோலும் மெல்லிய துணியும் எடுங்கள் என்று நான் எல்லாக் கோயிலிலும் சொல்கிறேன். 'மாதம் இருமுறை' என்று சொன்னால் மறந்துவிடுகிறார்கள், பிரதோஷம் என்றால் மறப்பதில்லை.

பழைய கற்கோயில் என்றால் இன்னொரு எச்சரிக்கை. கல்வெட்டின் நடுவரியில் துளை போட்டுத் தாங்கி பொருத்தியிருப்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். தூணைச் சுற்றி இறுக்கும் பட்டை போதும், துளை வேண்டாம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோயிலாக இருந்தால் அவர்கள் அனுமதியில்லாமல் ஓர் ஆணிகூட அடிக்க முடியாது. அறநிலையத் துறைக் கோயில் என்றால் செயல் அலுவலருக்கோ, துறை நியமித்த பொறுப்பாளரான தக்காருக்கோ எழுத்தில் தெரிவித்துவிட்டுத் தொடங்குங்கள்.

ரெக்கார்டர் பெட்டியை எங்கே வைத்தீர்கள்? உண்டியலுக்குப் பக்கத்து அறையில், மேசை மேல், பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு? பெரும்பாலான கோயில்களில் அங்கேதான் இருக்கும். பணத்தோடு பெட்டியையும் தூக்கிக்கொண்டு போய்விட்ட செய்திகளை நாளிதழில் அடிக்கடி படிக்கிறோம். காற்றோட்டமுள்ள இரும்பு அலமாரியில், கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். இரவில் கோட்டைத் தாண்டும்போது எடுக்கும் சில விநாடிப் படம் அந்தக் கணமே கோயிலுக்கு வெளியே, நிர்வாகிகளின் கைப்பேசிக்குப் போய்விட வேண்டும். பெட்டியே போனாலும் அது மிஞ்சும்.

மின்சாரம் முக்கியம். எட்டு கேமரா, ரெக்கார்டர், கேமராக் கம்பிகளை இணைக்கும் 'சுவிட்ச்' பெட்டி எல்லாம் சேர்ந்து நூறு வாட் பக்கம்தான் இழுக்கும். வீட்டு இன்வெர்ட்டரில் வரும் 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று ஓர் இரவைத் தாங்கிவிடும். கோயிலில் நல்ல கம்பி இணையம் இருந்தாலும் சிம் போட்ட மோடம் ஒன்றைக் கூடவே வையுங்கள். 'மின்சாரம் போய்விட்டது', 'மூன்றாம் கேமரா தொடர்பில் இல்லை' என்பவையும் அழைப்பாக வர வேண்டும். ஃபியூஸைப் பிடுங்குவதுதான் அவர்களுடைய முதல் வேலை என்று சொன்னேனே, அதுவே உங்களுக்கு முதல் மணியாகட்டும். கோபுரத்துக்கும் அலுவலகத்துக்கும் இடையே செம்புக் கம்பி இழுத்தால் ஐப்பசி இடியில் மொத்தமும் போய்விடும். அந்தத் தூரத்துக்கு ஃபைபர் போடுங்கள். இணைய கேமராவுக்குச் செம்புக் கம்பி எப்படியும் 100 மீட்டருக்குமேல் ஓடாது.

எத்தனை நாள் பதிவு வைப்பது? ஒரு கேமரா விநாடிக்கு 2 மெகாபிட் வீதம் பதிந்தால் நாளொன்றுக்கு 21.6 ஜிபி. எட்டு கேமராவுக்கு 173 ஜிபி, முப்பது நாளுக்கு 5.2 டிபி. 6 டிபி ஹார்ட் டிஸ்க் போதும். அதற்குமேல் வைக்காதீர்கள் என்பேன், ஏன் என்று கீழே வருகிறது.

இனி முகம் அறியும் கேமரா. வேண்டாம்.

திருடன் முகத்தை மூடிக்கொண்டு வந்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மூடாமல் வந்தாலும் ஒப்பிட்டுப் பார்க்க உங்களிடம் யாருடைய படம் இருக்கிறது? ஊர்க்காரர்கள் படம்தான் இருக்கும். அப்படியானால் அந்தக் கருவி செய்யப்போவது ஒரே வேலை: இன்றைக்குக் கோயிலுக்கு யார் யார் வந்தார்கள் என்று பெயரோடு பட்டியல் போடும். திருவிழாவுக்கு ஐயாயிரம் பேர் வந்து, கருவி நூற்றில் ஒருமுறை தவறினால்கூட ஐம்பது பேரைத் தவறாகக் கைகாட்டும். அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஆய்வு, இந்த மென்பொருள்களில் பலவும் ஆசிய, ஆப்பிரிக்க முகங்களில் கூடுதலாகத் தவறுகின்றன என்று காட்டியது. சேர்த்து வைத்த தகவல் பத்திரமாக இருக்குமா என்றால், தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாள இணையதளத்துக்குள்ளேயே 2024 மே மாதம் ஊடுருவிவிட்டார்கள். ஊர்க்கோயில் அலுவலகத்தில், கடவுச்சொல்லைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கும் கணினியில், என்ன பாதுகாப்பு இருக்கப்போகிறது?

இதைவிட என்னை யோசிக்க வைத்தது வேறொரு சம்பவம். ஒரு கோயிலில் பராமரிப்புக்குப் போயிருந்தபோது ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டு, போன வெள்ளிக்கிழமை மாலைப் பதிவைக் காட்டச் சொன்னார். நகை ஏதும் தொலைந்ததா என்று கேட்டேன். இல்லையாம். தம் உறவினர் மகள் கோயிலில் யாரோடு பேசிக்கொண்டிருந்தாள் என்று பார்க்க வேண்டுமாம். கடவுச்சொல் என்னிடம் இல்லை என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன். எந்தத் தெருக்காரர் எந்த வாசல் வரை வந்தார் என்பது இன்னும் சண்டையாகிற ஊர்கள் நம்மிடம் இருக்கின்றன. அந்த ஊர்களில் தொண்ணூறு நாள் பதிவு என்பது தொண்ணூறு நாள் ஆயுதம். முப்பது நாளில் தானாக அழியட்டும். கடவுச்சொல் இரண்டு பேரிடம் மட்டும். யார், எந்தத் தேதிப் பதிவை, என்ன காரணத்துக்காகப் பார்த்தார் என்று ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்து. 'இங்கே கேமரா உள்ளது' என்று வாசலில் பலகை. தனிநபர் தகவல் பாதுகாப்புக்கென்று 2023இல் மத்திய அரசு சட்டம் இயற்றியிருக்கிறது. கோயில் நிர்வாகம் என்றால் எல்லாவற்றிலும் விலக்கு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பெட்டியோடு வரும் தொடக்கக் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். மாற்றாவிட்டால் உங்கள் பிராகாரத்தை உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் பார்க்கலாம். இணைய கேமராக்களுக்கு மத்திய அரசு 2025 ஏப்ரல் முதல் பாதுகாப்புச் சோதனைச் சான்றைக் கட்டாயமாக்கியிருக்கிறது, அந்தச் சான்று உள்ளதா என்று பில்லோடு கேட்டு வாங்குங்கள்.

கருவறைக்குள் கேமரா கூடாது என்பது என் கருத்து. ஆகமம் ஒருபுறம் இருக்கட்டும், குருக்களின் மனம் ஒருபுறம் இருக்கட்டும், தேவையே இல்லை. அர்த்தமண்டப வாசலில், மூலவருக்கு முதுகைக் காட்டாமல் ஓரமாக, வெளிப்பக்கம் பார்த்தபடி ஒன்று இருந்தால் உள்ளே போகிற வருகிற எல்லோரும் பதிவாவார்கள். 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தமிழகக் கோயில்களுக்குள் கைப்பேசியைத் தடை செய்யச் சொன்னது. பக்தரிடம் கைப்பேசியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு நாம் மூலவரை இருபத்துநான்கு மணி நேரமும் படம் பிடிப்பது எனக்கு ஒப்பவில்லை.

திருட்டு மட்டும் பேசினால் போதாது, தாக்குதலும் உண்டே என்று யாராவது ஊர்க்கூட்டத்தில் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. இலங்கையின் நீர்கொழும்பு கட்டுவப்பிட்டியவில் புனித செபஸ்தியார் தேவாலயத்துக்குள் வெடிகுண்டு வைத்த முதுகுப்பையோடு ஒருவன் நடந்துபோகும் காட்சி கேமராவில் இருக்கிறது. முற்றத்தில் ஒரு குழந்தையின் தலையைத் தொட்டுவிட்டுப் போகிறான். கேமரா நன்றாக வேலை செய்தது. ஆனால் அந்த நேரத்தில் யாராவது பார்த்திருந்தாலும் அது பை மாட்டிய ஒருவர் பூசைக்குப் போகும் காட்சிதான். அதே காலையில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்துக்கும் ஒருவன் வந்தான். அங்கே சபையைச் சேர்ந்தவர்கள் யார் நீங்கள், பையில் என்ன என்று பேச்சுக் கொடுத்தார்கள், உள்ளே விடவில்லை. அவன் வெளியிலேயே வெடிக்கச் செய்தான். பிள்ளைகள் உட்பட சுமார் 30 பேர் அங்கே இறந்தார்கள். உள்ளே நூற்றுக்கணக்கானோர் இருந்தார்கள்.

அதே ஆண்டு அக்டோபர் 9 அன்று ஜெர்மனியின் ஹாலே நகரில் யூதர்களின் தொழுகைக்கூடத்தைத் துப்பாக்கியோடு ஒருவன் தாக்கினான். உள்ளே ஐம்பது பேர் அளவில் இருந்தார்கள். வாசல் கேமராவின் திரையில் அவனைப் பார்த்த உடனே கதவுகளுக்கு முட்டுக்கொடுத்தார்கள். கதவை அவனால் உடைக்க முடியவில்லை. வெளியே இருவரைக் கொன்றான், உள்ளே ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. திரை ஒன்று, அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், தாங்கிய ஒரு கதவு. மூன்றில் எது இல்லாவிட்டாலும் கதை வேறு. அதனால் திருவிழா நாட்களில் வாசலில் இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள் நின்று வருகிறவர்களை முகம் பார்த்து வாங்க என்று கூப்பிடும் வழக்கத்தை ஏற்படுத்துங்கள். புது ஆளிடம் இரண்டு வார்த்தை பேசினால் போதும். இதற்குக் கட்டணம் கிடையாது.

கூட்டத்தைக் கணக்கெடுக்கும் மென்பொருள் என்று ஒன்றையும் உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். திருப்பதி, பழனி போன்ற இடங்களுக்கு அது வேண்டும். 2025 கும்பமேளாவில் சுமார் 2,700 கேமராக்களும் கூட்டத்தை அளக்கும் மென்பொருளும் இருந்தும் ஜனவரி 29 நெரிசலில் அரசுக் கணக்குப்படியே 30 பேர் இறந்தார்கள். உங்கள் ஊர்த் தேருக்கு வடம் பிடிக்கும் கூட்டத்துக்கு ஒலிபெருக்கியும் நாலு வாலிபர்களும் போதும்.

உற்சவர்கள் ஐம்பொன்னா? கேட்கக் காரணம் இருக்கிறது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் வழிபாடு நின்றுபோய்ப் பூட்டிக் கிடந்த கோயிலிலிருந்து 2006இல் செப்புத் திருமேனிகளைக் கடத்தினார்கள். 2008இல் சிலைகளைப் பாதுகாப்பு மையத்துக்கு எடுத்துப்போக வந்து கதவைத் திறந்தபோதுதான் விஷயமே வெளியே வந்தது. அவற்றில் ஒன்றான நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியிருந்தது. அவர் இந்தியாவுக்குத் திரும்பியது 2014 செப்டம்பரில். அவரை இன்னார் என்று நிரூபித்தது புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1994இல் எடுத்து வைத்திருந்த சாதாரணப் புகைப்படம். அனந்தமங்கலத்தில் 1978இல் காணாமல்போன ராமர், சீதை, லட்சுமணர் 2020இல் லண்டனிலிருந்து வந்து சேர்ந்ததும் அதே நிறுவனம் 1958இல் எடுத்த படங்களால்தான்.

ஆகவே உங்கள் மூன்று லட்சத்தில் ஓர் ஐயாயிரத்தை நல்ல புகைப்படக்காரர் ஒருவருக்கு ஒதுக்குங்கள். குருக்கள் அனுமதியோடு, அலங்காரம் களைந்த பிறகு, ஒவ்வொரு திருமேனியையும் முன், பின், இரு பக்கம், பீடத்தின் அடி, ஒட்டுப்போட்ட இடம், தேய்மானம் என்று அளவுகோலை அருகில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். ஒரு பிரதி கோயிலில், ஒன்று அறநிலையத் துறையில், ஒன்று ஊருக்கு வெளியே இருக்கும் நம்பிக்கையான ஒருவரிடம். நூறாண்டுக்கு மேற்பட்டவை என்றால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்மார்ட் கேமராவை விற்கிற நானே சொல்கிறேன், சிலை விஷயத்தில் இந்தப் படங்களுக்குத்தான் முதலிடம்.

வழக்கு என்று போனால் பதிவு நீதிமன்றத்தில் நிற்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவோடு சான்றிதழ் கேட்கிறது. கோப்பை யாரும் மாற்றவில்லை என்று காட்டும் 'ஹாஷ்' எண்ணையும் அதில் குறிக்க வேண்டும். போலீசாரும் வழக்கறிஞரும் அதைப் பார்த்துக்கொள்வார்கள். நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது கடிகாரத்தை. நான் திறந்து பார்க்கும் ரெக்கார்டர்களில் பல, நாற்பது நிமிடம் முன்னேயோ பின்னேயோ ஓடிக்கொண்டிருக்கும். சில 2000ஆம் ஆண்டு ஜனவரியில் நிற்கும். இணையத்திலிருந்து நேரத்தை எடுத்துக்கொள்ளும்படி அமைத்துவிட்டால் அந்தக் கவலை இல்லை. சம்பவம் நடந்தவுடன் அந்தப் பகுதியை வேறு வட்டில் எடுத்து வைத்துவிடுங்கள், முப்பது நாள் கழித்துத் தேடினால் இருக்காது.

மூன்று லட்சம் முழுவதையும் செலவழிக்க வேண்டாம். ஆறு முதல் எட்டு கேமரா, பேட்டரி, அலமாரி, ஒலிபெருக்கியோடு ஒரு சைரன், மதில் மூலைகளில் தானாக எரியும் நான்கு விளக்கு. மூன்றில் ஒரு பங்கையாவது வங்கியில் போடுங்கள். சிம்முக்கு ரீசார்ஜ், மூன்றாண்டில் பேட்டரி, நான்கைந்து ஆண்டில் ஹார்ட் டிஸ்க், இவையெல்லாம் வரும். கேமரா இருந்தும் அழைப்பு வராமல் கிடப்பதாக நான் பார்த்த கோயில்களில் பாதிக்குமேல் ரீசார்ஜ் செய்ய ஆள் இல்லாமல் நின்றவை.

பொருத்தியவருக்குக் கடைசித் தவணையை உடனே கொடுத்துவிடாதீர்கள். ஒரு வாரம் ஓடட்டும். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் ஓர் இரவு 2 மணிக்கு, உங்கள் ஊர்ப் பையன் ஒருவனைக் கம்பளி போர்த்தி நந்தவனம் பக்கம் மதில் ஏறச் சொல்லுங்கள். ஃபியூஸையும் பிடுங்கச் சொல்லுங்கள். காகிதத்தில் எழுதிய நான்கு பேரில் எத்தனை பேர், எத்தனை நிமிடத்தில் வந்தார்கள் என்று குறியுங்கள். பத்து நிமிடத்தில் இரண்டு பேராவது வந்தால் பணத்தைக் கொடுங்கள்.

காவல் நிலையத்துக்கு மட்டும் முன்கூட்டியே தகவல் சொல்லிவிடுங்கள். நான் ஒருமுறை சொல்ல மறந்தேன். ரோந்து ஜீப் அன்றைக்குப் பார்த்துச் சரியாக ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டது. மதிலிலிருந்து குதித்த பையன் வேட்டியை முள்வேலியில் விட்டுவிட்டு அரைக்கால் சட்டையோடு நிலையத்தில் உட்கார்ந்திருந்தான். நான் போய் விளக்கி மீட்டு வருவதற்குள் விடிந்துவிட்டது. அந்த வேட்டியை இன்னும் வாங்கிக் கொடுக்கவில்லை என்று பார்க்கும்போதெல்லாம் கேட்கிறான்.